பந்தி விசாரணை



நம்முடைய சபைகளில் வளர்ந்து, சமூகப்பணியிலோ மேலாண்மையிலோ பட்டம் பெற்ற பிள்ளைகள் சிலர் இன்று நைரோபியிலும் அடிஸ் அபாபாவிலும் ஜூபாவிலும் உள்ள உதவி நிறுவனங்களில் திட்டத் துணை மேலாளர்களாகப் பணிபுரிகிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர்கள் ஊருக்கு வரும்போது, ஆராதனை முடிந்த ஆலய முற்றத்தில் பெரியவர்கள் கேட்பதுண்டு: "தம்பி, அங்கே என்ன வேலை? ஏழைகளுக்குக் கொடுக்கிற வேலைதானே?" பிள்ளைகளும் "ஆமாம் ஐயா" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார்கள். விளக்கத் தொடங்கினால் வீட்டில் பிரியாணி ஆறிப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கொடுக்கிற வேலைதான். ஆனால் யாருக்கு, எவ்வளவு, யார் கையால், கொடுத்ததற்கு எது சாட்சி என்னும் கேள்விகளுக்கு ஒவ்வொரு நாளும் எழுத்தில் பதில் சொல்லவேண்டிய வேலை அது. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தூதரகத்துக்கும் அமைச்சகத்துக்கும் போய்வருவார், பத்திரிகையாளர்களிடம் பேசுவார். துணை மேலாளரின் மேசைக்கோ கிடங்கின் இருப்புப் பதிவேடு வந்து சேரும். லாரி வாடகை ஒப்பந்தம், வராத லாரியைப் பற்றிய தகவல், விடுப்பு கேட்கும் ஓட்டுநரின் விண்ணப்பம், "என் பெயர் பட்டியலில் இல்லை" என்று ஒரு கிராமத்திலிருந்து வந்த தொலைபேசிப் புகார் ஆகியவை எல்லாம் அங்கேதான் வந்து குவியும். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் இப்படிப்பட்டவருக்கு ஒரு பழைய சொல் உண்டு: உக்கிராணக்காரன். சரக்கு அவனுடையதன்று, சாப்பிடுகிறவர்களும் அவன் வீட்டார் அல்லர். இரண்டுக்கும் நடுவே சாவியும் ஏடுமாக நிற்கிறவன் அவன்.

இந்த நடுவிடத்தைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கொடுத்தவனுக்குச் சொல்லவேண்டிய கணக்கு ஒன்று. வாங்குகிறவனுக்குச் சொல்லவேண்டிய கணக்கு மற்றொன்று. இன்றைய உதவி உலகம் முதற்கணக்கைப் பெரிதாக எழுதுகிறது, இரண்டாவதை ஏட்டின் ஓரத்தில் கிறுக்கிவைக்கிறது. இதனால் நேர்ந்த பெருந்தீங்கை எத்தியோப்பியாவில் 2023ஆம் ஆண்டு நடந்தவற்றில் தெளிவாகப் பார்க்கலாம். ஆகையால் அதைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லை. வெளியிலிருந்து வரும் கோதுமையில் பெரும்பகுதி ஜிபூட்டித் துறைமுகத்தில் இறங்கி, லாரிகளில் மலையேறி வருகிறது. ஒருவருக்கு மாதப் பங்கு வழக்கமாக 15 கிலோ தானியம், ஒன்றரை கிலோ பருப்பு, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான எண்ணெய். மூட்டையோ 50 கிலோ. ஒரு மூட்டையை மூன்று பேருக்குப் பிரித்தால் 5 கிலோ மிஞ்சும். அந்த 5 கிலோ அடுத்த குடும்பத்தின் பங்கோடு சேருகிறதா, அளக்கிறவரின் வீட்டுக்குப் போகிறதா என்பதைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். ஆயிரம் மூட்டைகள் இறங்கும் நாளில் இது 5,000 கிலோ. அளவுப் பாத்திரத்தில் தலைதட்டி அளக்கிறார்களா, குவித்து அளக்கிறார்களா என்று வெயிலில் நின்று கவனிப்பதும் இரக்கத்தின் கிரியைதான். நம் பிரசங்கங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

யாருக்கு அளப்பது என்னும் பட்டியலை அப்போது தயாரித்தது பெரும்பாலும் 'கெபெலே' எனப்படும் மிகச் சிறிய ஆட்சிப் பிரிவின் அலுவலர்களும் உள்ளூர்க் குழுக்களும். நம் ஊராட்சிபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்த நிறுவனத்துக்கு ஊரில் யார் பசித்திருக்கிறார், யார் பசித்தவர்போல நிற்கிறார் என்று தெரியாது. ஆகவே ஊர் அதிகாரியின் பட்டியலை வாங்கிக்கொள்ளும். அது எளிது, விரைவானது. பட்டியலை எழுதுகிறவன் அந்தக் கணத்திலேயே ஊரின் எஜமானாகிவிடுகிறான் என்பதுதான் அதன் விலை.

டிக்ரே வட்டாரத்தில் 2020 நவம்பரில் மூண்ட போர், 2022 நவம்பர் 2ஆம் நாள் பிரிட்டோரியாவில் கையெழுத்தான உடன்படிக்கையோடு ஓய்ந்தது. போர்க்காலத்தில் அடைபட்டிருந்த உணவு வழி மெல்லத் திறந்தது. அடுத்த சில மாதங்களிலேயே ஷெராரோ என்னும் ஊரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் போதுமான உணவு காணாமற்போனது தெரியவந்தது. தேடியபோது, உதவி நிறுவனங்களின் முத்திரையிட்ட கோதுமை சந்தைகளிலும் வணிக மாவு ஆலைகளிலும் கிடைத்தது. டிக்ரேயில் மட்டுமன்றி நாட்டின் பல பகுதிகளிலும். அமெரிக்க சர்வதேச வளர்ச்சி முகமையான யுஎஸ்எய்ட் இது பரவலாகவும் ஒருங்கிணைந்தும் நடந்த திருட்டு என்று அறிவித்தது. டிக்ரேயின் இடைக்கால நிர்வாகம் நடத்திய விசாரணையோ எரித்ரியப் படையினர், கூட்டாட்சி அரசைச் சேர்ந்தவர்கள், வட்டார அதிகாரிகள் ஆகிய எல்லாத் தரப்பின் கைகளிலும் கறை உண்டு என்று சொன்னது. போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் மூட்டையைத் தூக்குவதில் மட்டும் ஒருமனப்பட்டிருந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் என் மனத்தை இன்றும் அலைக்கழிக்கிறது. 2023 மே மாதத் தொடக்கத்தில் டிக்ரேயில் உணவு விநியோகம் நிறுத்தப்பட்டது. ஜூன் 8ஆம் நாள் நாடு முழுவதற்கும் யுஎஸ்எய்ட் நிறுத்தியது. உலக உணவுத் திட்டமும் உடனே பின்தொடர்ந்தது. ஏறத்தாழ 2 கோடிப் பேர், அதாவது அந்நாட்டில் ஆறில் ஒருவர், உணவு உதவியை எதிர்பார்த்திருந்த காலம் அது. சூடான், தெற்கு சூடான், சோமாலியா ஆகிய நாடுகளிலிருந்து ஓடிவந்து முகாம்களில் இருந்த 8 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளுக்கும் பங்கு நின்றது. அகதிகளுக்கு அக்டோபரில் மீண்டும் கிடைத்தது. மற்றவர்கள் ஆண்டின் இறுதிவரை காத்திருந்தார்கள். அந்த மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியால் இறந்தார்கள் என்று டிக்ரே அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

நாட்டு அலுவலகத்தின் தலைமை இயக்குநரும் துணை இயக்குநரும் அந்தக் கோடையிலேயே விலகினார்கள் என்று செய்திகள் வந்தன. அவர்கள்மீது தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் துணை நாற்காலியில் அமரப்போகிற ஒருவர் அந்த வரியை இரண்டுமுறை வாசிக்கவேண்டும்.

வாசகரே, நீங்கள் கேட்கலாம்: திருட்டு நடக்கிறது என்று தெரிந்தபின்னும் கொட்டிக்கொண்டே இருக்க முடியுமா? வரி கட்டுகிறவன் ஒருவன் உண்டே, அவனுக்கு என்ன பதில்? நியாயமான கேள்விதான். நிறுத்தியதனால் சில நன்மைகளும் விளைந்தன என்பதை நான் மறுக்கவில்லை. பட்டியலிடும் அதிகாரம் உள்ளூர் அலுவலரின் கையைவிட்டு நீங்கியது. பயனாளிகள் கணினியில் பதிவுசெய்யப்பட்டார்கள். மூட்டைகளுக்கு அடையாளக் குறி, லாரிகளின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் வசதி, புகார் சொல்ல வழி ஆகியவை வந்தன. ஆனால் இவற்றில் எந்த ஒன்றும் புதிய கண்டுபிடிப்பன்று. பல நாடுகளில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தவை. எத்தியோப்பியாவில் அவை முன்னரே இல்லாமற்போனதற்குப் பட்டினி கிடந்தவள் பொறுப்பாளியா? அரசின் மனம் கோணாதிருக்கவேண்டும், லாரி ஓடிக்கொண்டிருக்கவேண்டும், அறிக்கையில் எண்ணிக்கை நிறைந்திருக்கவேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் வேறு; ஐந்து மாதம் சட்டி காய்ந்து கிடந்தவர்கள் வேறு. திருடினவனின் பங்கு குறையவில்லை. திருட்டுக்கொடுத்தவளின் பங்கே நின்றது.

ஆகவே என் கருத்து இது. பசித்தவர்கள் இருக்கும் ஒரு நாட்டில் உணவை முழுமையாக நிறுத்துவது தணிக்கையின் கருவியாக இருக்கக் கூடாது. கிடங்கைப் பூட்டலாம், அதிகாரியை மாற்றலாம், ஒரு வட்டாரத்தின் விநியோக முறையை ஒரே வாரத்தில் கலைத்துப்போடலாம், மூட்டைக்குப் பதிலாகச் சமைத்த உணவாகவே கொடுக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும் சத்துணவை எதற்காகவும் தொடக் கூடாது. (அந்தச் சத்துணவை அப்போது நிறுத்தாமல் விட்டார்கள் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும்.) இவை எல்லாம் கடினமானவை, ஆள்பலமும் நாளும் தேவைப்படுபவை. ஒட்டுமொத்தமாக நிறுத்துவதற்கோ ஒரு கையெழுத்து போதும்.

இப்பொழுது அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்துக்கு வாருங்கள். எருசலேம் சபையில் விதவைகளுக்குத் தினந்தோறும் உணவு பகிர்ந்துகொடுக்கப்பட்டது. கிரேக்கு மொழி பேசுகிறவர்களின் விதவைகள் அதில் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. பந்தி விசாரணை என்னும் அழகான சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே வைத்திருக்கிறார்கள். பந்தியைக் கவனித்துப் பரிமாறுவது என்பது அதன் பொருள். இன்று விசாரணை என்றாலே காவல் நிலையம் நம் நினைவுக்கு வருகிறது. அன்று அது 'உங்களுக்கு வந்ததா, இன்னும் வேண்டுமா' என்று இலை இலையாகக் கேட்டு நடப்பது.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். முறைகேடு நடந்துவிட்டது, ஆகையால் பந்தியை மூடுகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. முறுமுறுக்கிறவர்களை அடக்கவுமில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள் என்பதை வேத அறிஞர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எந்தக் கூட்டத்தின் விதவைகள் விடுபட்டார்களோ, அந்தக் கூட்டத்தாரின் கையிலேயே அகப்பை போயிற்று. எபிரெய விதவைகளுக்கும் இனி அவர்களே பரிமாறவேண்டும். இவ்வளவு துணிவான நிர்வாகச் சீர்திருத்தத்தை எந்த உதவி நிறுவனத்தின் கையேட்டிலும் நான் கண்டதில்லை. வாங்குகிறவனுக்குக் கணக்கு என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

விடுபடுதல் எப்படி நடக்கும் என்பதை நம்முடைய கரையிலும் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26க்குப் பின் உலகத்தின் பணமெல்லாம் நாகப்பட்டினத்தை நோக்கிப் பாய்ந்தபோது, படகு இழந்த மீனவருக்குப் படகு வந்தது. ஆனால் அந்தக் கரையில் கூலிவேலை செய்துவந்த தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் பல பட்டியல்களில் ஏறவில்லை. அவர்கள் இழந்தது படகு அன்று, வேலை. இழந்த வேலைக்குப் பட்டியலில் கட்டம் இல்லை. சில முகாம்களில் அவர்களை ஒதுக்கிவைத்த கொடுமையும் பதிவாகியிருக்கிறது. பட்டியல் எழுதினவர்கள் எல்லோரும் தீயவர்கள் அல்லர். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதினார்கள், அவ்வளவே.

கொடுத்தவனுக்கான கணக்கைப் பற்றியும் வேதம் சும்மா இருக்கவில்லை. கிலவுதியு இராயனுடைய நாட்களில் உண்டான பஞ்சத்தின்போது அந்தியோகியாவின் சீஷர்கள் யூதேயாவுக்கு உதவி அனுப்பினார்கள். பிற்பாடு பவுல் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் எருசலேமின் ஏழைகளுக்கென்று பணம் சேர்த்தார். கடல் கடந்து போகும் உதவித் திட்டம் என்று இதைச் சொல்வதில் மிகை ஒன்றுமில்லை. அதற்குப் பவுல் தலைவர் என்றால் தீத்து துணை மேலாளர். 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை விசுவாசத்தைப் பற்றிய பகுதியாக வாசிக்காமல் ஒருமுறை அலுவலகக் கடிதமாக வாசித்துப் பாருங்கள். தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்கள் அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் ஒருவரைப் பணம் கொடுத்த சபைகளே நியமித்திருக்கின்றன. இத்தனை பெரிய தொகையைக் கையாளும்போது ஒருவரும் நம்மேல் குற்றம் சாட்ட இடமிருக்கக் கூடாது, தேவனுக்கு முன்பாக மட்டுமன்றி மனுஷருக்கு முன்பாகவும் செம்மையாய் இருக்கவேண்டும் என்பது பவுல் சொல்லும் காரணம். "கர்த்தருக்குத் தெரியும், மனிதனுக்கு ஏன் காட்டவேண்டும்?" என்று நம் சபைக் கமிட்டிக் கூட்டங்களில் சிலர் உருக்கமாகப் பேசுவார்கள். பவுல் அப்படிப் பேசவில்லை.

ஆக, தணிக்கையாளரைக் கண்டு முகம் சுளிக்கும் துணை மேலாளருக்கு நான் பரிந்து பேசமாட்டேன். வே-பில்லில் எழுதின எண்ணும் கிடங்கில் இறங்கின எண்ணும் ஒத்துப்போகவேண்டும். என் வாதம் வேறு. கணக்கு கேட்கிறவன் பசித்தவனுக்கும் பதில் சொல்லுகிறவனாக இருக்கவேண்டும். அவன் வாஷிங்டனில் இருந்தாலும் ரோமாபுரியில் இருந்தாலும் அதில் மாற்றமில்லை. உலக உணவுத் திட்டத்தின் தலைமையகம் ரோமில் இருப்பதனால் இதைச் சொல்லுகிறேன், வேறு குத்தல் இல்லை.

இங்கே யோசேப்பை நினைக்காமல் கடக்க முடியாது. பார்வோனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவன்; பஞ்சத்தை முன்னறிந்து தானியம் சேர்த்தவன்; துணைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கெல்லாம் நாம் எடுத்துக்காட்டும் உதாரணம். ஆனால் ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் பிரசங்கிக்கிறோமா? ஜனங்களிடம் முதலில் பணம் தீர்ந்தது. பின்பு ஆடுமாடுகள் போயின. கடைசியில் நிலமும் உடலும் பார்வோனுக்கு உரியவையாயின. ஆசாரியர்களின் நிலம் மட்டும் தப்பியது. (அதைப் பற்றி என்னைப்போன்றவர்கள் அதிகம் பேசாதிருப்பதில் வியப்பில்லை.) உயிர் பிழைத்தார்கள், உண்மை. அடிமைகளாகப் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. களஞ்சியத்தின் சாவியைக் கையில் வைத்திருப்பவன் கருணையுள்ளவனாகவே இருந்தாலும், அந்தச் சாவிக்கு ஒரு குணம் உண்டு.

நம் தேசமும் அந்தக் குணத்தை அனுபவித்திருக்கிறது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்கீழ் வந்த கோதுமையை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1960களில் பள்ளிக்கூட மதிய உணவில் சேர்ந்த பால் பவுடரையும் சிலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். 1965, 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, அதிபர் ஜான்சன் கப்பல்களை மாதத்துக்கு மாதம் இறுக்கிப் பிடித்து அனுப்பினார். இந்தியா வேளாண் கொள்கையை மாற்றவேண்டும், வியட்நாம் போரைப் பற்றி வாயடக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கப்பலில் இருந்து வாய்க்கு என்று அந்நாட்களின் நிலையைச் சொல்வார்கள். உண்டவர்கள் நன்றியோடு உண்டார்கள்; டெல்லியில் இருந்தவர்கள் அவமானத்தோடு காத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கோதுமை.

எத்தியோப்பியாவின் முறைகள் ஒருவாறு சீர்பட்டு ஓராண்டு கடந்த நிலையில், 2025 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்க வெளிநாட்டு உதவிகள் அனைத்தும் 90 நாட்களுக்கு நிறுத்தப்பட்டன. சில நாட்களில் வேலையை நிறுத்தும் உத்தரவுகள் போயின. மார்ச் மாதத்தில், திட்டங்களில் 83 சதவிகிதம் இரத்துசெய்யப்பட்டதாக வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். 1961இல் அதிபர் கென்னடி தொடங்கிய யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1ஆம் நாளோடு தன் பணியை முடித்துக்கொண்டது. மோசடியும் வீண்செலவும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் வெளிநாட்டு உதவி அதுவரை ஏறத்தாழ 1 சதவிகிதமாகவே இருந்தது. பிரித்தானியாவும் தன் தேசிய வருமானத்தில் 0.5 சதவிகிதமாக இருந்த உதவியை 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அதே ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. வளர்ந்த நாடுகள் 0.7 கொடுக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1970இல் இலக்கு வைத்திருந்தது. ஏப்ரலில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த செய்தி, பணம் இல்லாமையால் 6,50,000 தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஊட்டச்சத்துச் சிகிச்சையை நிறுத்தவேண்டியிருக்கிறது என்பது. 2023இல் விட்டுவைத்த அந்தத் தட்டும் இப்பொழுது எடுக்கப்பட்டது.

ஒரு தேசம் தன் பணத்தை எப்படிச் செலவிடவேண்டும் என்று அந்நாட்டு மக்கள் தீர்மானிக்கட்டும். அதில் நான் தலையிடவில்லை. படிப்படியாகக் குறைக்கிறோம், உங்கள் அரசு பொறுப்பேற்கட்டும் என்று இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தால் என் பேனாவுக்கு வேலை இல்லை. நான் கேட்பது வேறு. துறைமுகத்தில் இறங்கின உணவு கிடங்கிலேயே இருக்க, அதை எடுத்துக் கொடுக்க உத்தரவு இல்லை என்று ஒரு துணை மேலாளர் சொல்லவேண்டிய நிலையை உண்டாக்குவது எந்த வகையான சிக்கனம்? அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் உயர் அதிகாரிகள் அல்லர். அதே வாரத்தில் தங்கள் ஓட்டுநர்களுக்கும் காவலாளிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வேலைநீக்கக் கடிதம் கொடுத்தவர்கள். பலருக்கு அதன்பின் தங்களுக்கே ஒன்று வந்தது.

உள்நாட்டுப் பணியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் நிலைமை மோசமானால் விமானம் ஏறலாம். உள்ளூர்க்காரர் அந்த மண்ணிலேயே இருப்பவர். 2024இல் உலகெங்கும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தத்தம் நாட்டிலேயே வேலை செய்துவந்தவர்கள். டிக்ரேயில் 2021 ஜூன் 24ஆம் நாள் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மூவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் ஸ்பெயின் நாட்டவர், இருவர் எத்தியோப்பியர். நம் ஜெபக் குறிப்புகளில் 'மிஷனெரிகள்' என்று ஒரு வரி எப்போதும் உண்டு. லாரி ஓட்டுகிறவரும் மூட்டை எண்ணுகிறவரும் அந்த வரிக்குள் அடங்குவார்களா என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

சுவையான ஒன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். எருசலேமில் பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்ட அந்தப் பிலிப்புதான், பின்பு காசா வழியில் ஓர் எத்தியோப்பிய அதிகாரியின் இரதத்தோடு சேர்ந்து ஓடினார். அந்த அதிகாரி கந்தாகே அரசியின் கருவூலம் முழுவதற்கும் பொறுப்பாளர். (அன்று எத்தியோப்பியா எனப்பட்டது இன்றைய சூடான் நாட்டிலுள்ள மெரோவே என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.) விதவைகளின் உணவுக் கணக்கைப் பார்த்தவரும் ஓர் அரசின் பணக் கணக்கைப் பார்த்தவரும் வனாந்தர வழியில் ஒரே இரதத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் பேச்சு ஏசாயாவைப் பற்றியது, பதிவேட்டைப் பற்றியதன்று. ஆயினும் ஏட்டையும் எண்ணையும் அறிந்த இருவருக்கு ஒருவரையொருவர் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுத்திராது என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டில் ஒரு மகனோ மகளோ இத்தகைய பணிக்குப் புறப்பட ஆயத்தமாக இருந்தால், போகவேண்டாம் என்று தடுக்காதீர்கள். நிதி சுருங்கிவிட்டதனால் வேலைக்கு உறுதி இல்லை என்பது உண்மை. ஓராண்டு ஒப்பந்தம் ஆறு மாதத்தில் முடிந்துபோகலாம், அதற்கு வீட்டார் ஆயத்தமாக இருங்கள். சம்பளம், பாதுகாப்பு, காப்பீடு, திரும்பிவரும் பயணச்செலவு ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நேர்காணலில் அவர்கள் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு: பயனாளிப் பட்டியலை யார் எழுதுகிறார்கள்? விடுபட்டவர் யாரிடம் முறையிடலாம்? அந்த முறையீடு மேலாளரின் அனுமதி இல்லாமல் தலைமையகத்தை அடைய வழி உண்டா? திருட்டு கண்டுபிடிக்கப்பட்டால் நிறுவனம் எதை நிறுத்தும், எதை நிறுத்தாது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அதை எழுதவைக்கப் பார்க்கட்டும். நெருக்கடி வந்தபின் அதை எழுத ஒருவருக்கும் மனம் வராது.

போய்ச் சேர்ந்தபின், விநியோக நாளில் அலுவலகத்தில் இருந்துவிடாமல் கிராமத்துக்குப் போகச் சொல்லுங்கள். வரிசையின் முன்பக்கத்தில் புகைப்படக்காரர்கள் இருப்பார்கள். வரிசைக்கு வெளியே, மரத்தடியிலோ மதிலோரத்திலோ, சாக்கைக் கையில் மடித்துவைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் சிலர் நிற்பார்கள். அவர்களிடம் போய்ப் பெயர் கேட்கட்டும்.